கேம் பெட்டியில் காவிரி பார்த்தவர்

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியை அன்று காலை என் வீட்டு டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சௌரிராஜன் சாரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்போது போன் அதிர்ந்தது. நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: டிராயிங் ஆபீஸ் சௌரிராஜன் இன்று காலை காலமானார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒரே ஒரு சிரிக்கும் முகம்.

யாரோ விரல் தவறி அழுத்திவிட்டார். உடனே நாலைந்து பேர் அவரைத் திட்டி எழுதினார்கள். அவரும் மன்னிப்புக் கேட்டு அதை அழித்துவிட்டார். எனக்கு அதுவரை வராத அழுகை அந்தச் சிரிக்கும் முகத்தைப் பார்த்ததும்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சங்க மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது, "கொஞ்சம் மென்மையா எழுதுங்க அண்ணே, அவங்க குடும்பமும் படிக்கும்" என்றார். மென்மையாக எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பிறகு அவரே, "சரி, உங்க இஷ்டம்" என்றார். எட்டாவதோடு பள்ளியை விட்டு, நம் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து, வெல்டராகவே ஓய்வுபெற்றவன் நான். இங்கிலீஷ் முதற்கொண்டு எல்லாவற்றையும் நானாகப் படித்துக்கொண்டேன். டிப்ளமா காகிதம் இல்லை என்பதற்காக என்னைத் தாண்டிப் போன உங்களில் பலரும் இந்த மலரைப் படிப்பீர்கள். உங்களுக்குப் பிடிக்கும்படி எழுத எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

சௌரிராஜன் சாரை எனக்கு டிராயிங் ஆபீஸில் தெரியாது. கேன்டீனில்தான் தெரியும். அங்கே எங்கள் பெஞ்சுக்கு ஒரே ஒரு செய்தித்தாள் வரும். அவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். நான் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பேன். நடுப் பக்கத்துக்கு இருவரும் ஒரே சமயத்தில் வந்து சேரும்போது சண்டை. "விடுய்யா, நான் பெரியவன்" என்பார். "நான் பசியோட இருக்கேன் சார், நீங்க சாப்பிட்டாச்சு" என்பேன். கடைசியில் தாளை மேஜைமேல் விரித்து, தலையோடு தலை முட்டப் படிப்போம். ஒரே தாளை இரண்டு பேர் படிக்கும் பழக்கம் அங்கே வந்தது. அது ஓய்வுபெற்ற பிறகும் எங்களை விடவில்லை.

அவர் போடும் கோட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய கோடு அது. ஸ்கேல் இல்லாமல் போட்டதையும் ஸ்கேல் வைத்துப் போட்டதையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. அந்தக் கைக்குத்தான் நடுக்குவாதம் வந்தது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னார். முதலில் வலது கட்டைவிரல், பிறகு கை, பிறகு இரண்டு கையும்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டு அபார்ட்மென்டில் அவரும் அவர் மனைவி வேதவல்லி அம்மாளும் மட்டும்தான். ஒரே மகன் கோபால் வெளிநாட்டில். நான் திருவெறும்பூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து அங்கே போவேன். போகப் போக, அவர் கை செய்யும் வேலை ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் போனது. காபி டம்ளர் போய், மூடி போட்ட குவளையும் உறிஞ்சுகுழலும் வந்தன. பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அந்த மை படிந்த விரலைத் துடைக்காமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நெற்றியில் திருமண்ணையும் மனைவிதான் இட்டுவிட்டார். ஒரு நாள் அவர் குளியலறையில் இருந்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ஆயுசு பூரா கோடு போட்டவர். நான் போடற கோடு கோணலா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமே. சொல்றதில்லை. கண்ணாடியே பார்க்கறதில்லை அந்தோணி."

இனி போன் விஷயம். மகன் ஒரு நல்ல டச் போன் வாங்கி அனுப்பியிருந்தான். அவர்கள் உறவினர் குழுவில் ஒரு சாவுச் செய்தி வந்தது. வேதவல்லி அம்மாளின் சொந்த அண்ணன். சார் அனுதாபம் எழுதத்தான் போனை எடுத்தார். விரல் நடுங்கி எங்கெங்கோ பட்டது. கடைசியில் போனது, வாய் கொள்ளாமல் சிரிக்கும் ஒரு முகம். ஒன்றல்ல, வரிசையாக ஒரு கூட்டம். அழிக்கலாம் என்று தொட்டதில் இன்னும் நான்கு போயின. உறவுக்காரர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். விஷயம் புரிந்ததும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கோபால் அங்கிருந்து, "அப்பா, இனிமே நீங்க எதையும் தொடாதீங்கோ, எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். சார் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு தொடவேயில்லை.

அந்த வீட்டு டி.வி.க்குக் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி கிடந்தது. கோபால் பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. வெளிநாடு போகும்போது இங்கே போட்டுவிட்டுப் போனான். பிசியோதெரபி செய்ய வந்த பெண், கையில் ஏதாவது கொஞ்சம் கனமாகப் பிடித்துப் பழகுங்கள் என்று சொன்னதால், அதன் கன்ட்ரோலரை எடுத்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றோடு அணைத்துக்கொள்வது. ஒரு நாள் பெட்டியையும் போட்டுப் பார்த்திருக்கிறார். நான் போனபோது கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கூப்பிட்டார்.

"வாய்யா அந்தோணி, இதைப் பார். கார் பொம்மை, துப்பாக்கி பொம்மை எல்லாம் தாண்டி ஓரத்துல ஒரு கோளம் இருக்கு."

"என்ன கோளம் சார்?"

"பூமிய்யா. அழுத்தினா இன்டர்நெட் வேணும்னு கேக்கறது."

பிராட்பேண்ட் ஆளைக் கூப்பிட்டு இணைத்தோம். அன்றுமுதல் அந்த விளையாட்டுப் பெட்டியில்தான் நாங்கள் இணையம் பார்த்தோம். கன்ட்ரோலரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குச்சியைத் தள்ளினால் திரையில் அம்பு நகரும். பொத்தானை அழுத்தினால் திறக்கும். எழுத வேண்டுமென்றால் திரையில் ஒரு எழுத்துப் பலகை வரும். ஒவ்வொரு எழுத்தாகப் போய் நின்று அழுத்த வேண்டும். பாதி பக்கங்கள் திறக்காது. திறந்தாலும் தமிழ் சில இடத்தில் கட்டம் கட்டமாக வரும். படம் அதிகம் இருந்தால் ஞாபகசக்தி போதவில்லை என்று இங்கிலீஷில் எழுதிவிட்டுத் தானாக மூடிக்கொள்ளும். "நம்ம செட்டுதான்யா இதுவும்" என்பார் சார்.

ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், டேப்லெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லாதவர் இல்லை. உங்களில் சிலரும் சொன்னீர்கள். சங்கக் கூட்டத்தில், "சௌரி இப்ப வீடியோ கேம் ஆடுறாராமே" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தீர்கள். நான் எழுந்து போனேன், ஞாபகம் இருக்கும். அவர் எனக்குச் சொன்ன காரணத்தை இப்போது கேளுங்கள்.

"போன்ல என் நடுக்கமே உத்தரவா ஆயிடறது அந்தோணி. இதுல அப்படி இல்லை. குச்சி ஆடினா அம்பு ஆடறது, ஆடட்டும். நான் அழுத்தற வரைக்கும் ஒண்ணும் நடக்காது. நான் அழுத்தினாத்தான் உத்தரவு."

அந்த வீட்டில் அவருடைய உத்தரவுப்படி அவர் கை செய்த ஒரே வேலை அது. அதற்கு ஒரு சட்டம் இருந்தது. அவர் கன்ட்ரோலரைப் பிடித்திருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது. அம்பு ஒரு எழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், உட்கார முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கை துறுதுறுக்கும். ஆரம்பத்தில் நான் நீட்டிவிடுவேன். "கையை எடு" என்பார். கோபமாக இல்லை. வரைபடத்தின்மேல் டீ டம்ளரை வைக்க வருபவனிடம் சொல்வது மாதிரி. நான் எடுத்துவிடுவேன். அம்பு உட்காரும்.

முதலில் பார்ப்பது எப்போதும் மேட்டூர். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு விடுகிறார்கள். பிறகு முக்கொம்பில் எந்தப் பக்கம் போகிறது, காவிரியிலா கொள்ளிடத்திலா. அதைப் பார்த்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஒரு நாள் வேதவல்லி அம்மாள் சமையலறையிலிருந்து சத்தம் போட்டார்:

"ரெண்டு பக்கமும் ஆறு ஓடற ஊர்ல உக்காந்துண்டு, தண்ணி வந்துதான்னு பொட்டியைப் பார்க்கறேளே! அம்மா மண்டபம் வரைக்கும் ஒரு ஆட்டோ வெச்சுண்டு போனா கண்ணாலயே பார்த்துடலாமே!"

சார் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "கண்ணால பார்த்தா இன்னிக்கு இருக்கற தண்ணிதான் தெரியும். இதுல பார்த்தா நாளைக்கு வர தண்ணி தெரியும்."

"நாளைக்கு வந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம். காபியைக் குடியுங்கோ."

"அந்தோணி, இவளுக்கு டிராயிங்கே புரியாதுய்யா. கட்டி முடிச்சப்புறம்தான் பார்ப்பா."

அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது.

இன்னொரு நாள், எங்கள் தொழிற்சாலையிலிருந்து போன ஒரு பெரிய பாய்லர் எந்த ஊரில் நிற்கிறது என்று தேடினோம். அவர் வரைந்தது, நான் பற்றவைத்தது. அந்த மின்நிலையத்தின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்து, திறக்காத பக்கங்களை எல்லாம் மூடி, கடைசியில் ஒரு போட்டோ கிடைத்தது. தூரத்தில் ஒரு புகைபோக்கி, பெரிய கட்டிடம், முன்னால் ஆடு மேய்கிறது. அவ்வளவுதான். எங்கள் வேலையில் ஒரு அங்குலம்கூடத் தெரியவில்லை. எனக்கு எரிச்சல். "இவ்வளவு கஷ்டப்பட்டு ஆட்டைப் பார்த்தோம் சார்" என்றேன். அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கட்டிடத்தின் சுவர் திரை முழுக்க வந்து மங்கிப்போயிற்று. "உள்ளே இருக்குய்யா" என்றார். "இன்னும் எரிஞ்சுண்டு இருக்கு."

எனக்கு மெயிலும் அனுப்புவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒரே ஒரு வரி. "அந்தோணி, நாளை வரும்போது குடை எடுத்து வா." அந்த வரியை அடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது போயிருக்கும். திருவெறும்பூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். இருந்தாலும் குடை எடுத்துப் போவேன். "போன்ல சொல்லச் சொல்லியிருக்கலாமே சார், அம்மாகிட்ட" என்று ஒரு முறை கேட்டேன். "கையெழுத்து போயிடுத்து" என்றார். "இது நான் எழுதினது."

இப்போது நான் எழுத விரும்பாத இடத்துக்கு வருகிறேன்.

தை மாதம் அவருக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. கோபால் குடும்பத்தோடு வந்து எல்லாவற்றையும் பிரமாதமாக ஏற்பாடு செய்தான். குறை சொல்ல முடியாது. வந்த மறுநாளே கேம் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். "எங்கடா அது?" என்று சார் கேட்டதற்கு, "சர்வீஸ் பண்ணித் தரேன்பா" என்று சொல்லியிருக்கிறான்.

மண்டபத்தில் கலச நீரைத் தலையில் ஊற்றி, ஈர வேட்டி மாற்றி, புதுப் பட்டோடு சாரையும் அம்மாளையும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வரிசையாக எல்லோரும் சேவித்தார்கள். கோபால் மைக்கைப் பிடித்து, "எங்க அப்பாக்கு இந்த வயசுலயும் ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு" என்றான். பளபளவென்று காகிதம் சுற்றிய ஒரு பெட்டியை மடியில் வைத்தான். சாரால் பிரிக்க முடியவில்லை. பேரக் குழந்தைகள் கிழித்தார்கள். புத்தம்புது வீடியோ கேம் பெட்டி. வந்திருக்கும் ரகங்களில் இதுதான் புதிது என்றான். பழையதைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டானாம். மண்டபமே கைதட்டியது. "எண்பதுல கேமா! கொடுத்துவெச்சவர்!" என்று எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னார். சார் முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் பட்டு வேட்டியின்மேல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்னாருக்குடா" என்றார்.

கோபால் குடும்பம் ஊர் திரும்பிய பிறகு நான் போனேன். இருவரும் உட்கார்ந்து அந்தப் புதுப் பெட்டியில் கோளத்தைத் தேடினோம். மேலே, கீழே, ஓரத்தில். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தோம். விளையாட்டு வாங்குகிறாயா என்று கேட்டது. நண்பர்களோடு சேர்ந்து ஆடுகிறாயா என்று கேட்டது. படம் பார்க்கிறாயா என்று கேட்டது. இணையத்துக்குப் போகும் வழி மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் வைத்துக்கொண்டு என் போனில் தேடிப் படித்தேன். இந்த ரகத்தில் அதை எடுத்துவிட்டார்களாம். போனிலும் டி.வி.யிலும் பார்க்கிற காலத்தில், கேம் பெட்டியில் போய் யார் இணையம் பார்க்கிறார்கள் என்று கேட்டு ஒருவர் எழுதியிருந்தார். சாரிடம் அதைப் படித்துக் காட்டவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

"நன்னாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன் சார்."

அவர் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்தார். அதுவரை அதை அவர் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

டி.வி. ரிமோட்டில் முயன்றோம். பொத்தான்கள் சிறியவை, ஒன்று அழுத்தினால் மூன்று விழும். வாயால் சொன்னால் போதும் என்றார்கள். அவர் குரல் அதற்குள் ரொம்பத் தேய்ந்துபோயிருந்தது. டி.வி.க்கு அது எட்டவில்லை. வேதவல்லி அம்மாள், "கோபால்கிட்ட சொல்லிடறேன், எங்கேர்ந்தாவது பழசையே வாங்கிக் குடுப்பான்" என்று போனை எடுத்தார். சார் விடவில்லை.

"ராத்திரி பூராப் பறந்து வந்து, ஆசையாக் குடுத்துட்டுப் போயிருக்கான். அவன்கிட்ட எதுவும் சொல்லப்படாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான்."

நான் ஒன்றும் பேசவில்லை. நான் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன். என் மௌனத்தை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டிருந்தால், அது அவருடைய நல்ல மனது.

அதன் பிறகு எனக்கு மெயில் வரவில்லை. நான் போகும் நாட்களில் என் போனைத் தூக்கிப் பிடித்து மேட்டூர் அளவைப் படித்துக் காட்டுவேன். "ம்" என்பார். நான் படித்தால் அது செய்தி. அவர் தேடிப் பிடித்தால்தான் அது தண்ணீர். மாசி, பங்குனியில் நடை குறைந்தது. சாப்பாடு விழுங்குவதில் தொந்தரவு வந்தது. நோயின் போக்கு இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். சதாபிஷேகத்துக்கு முன்னால் அவருக்குத் தினமும் எழுந்து வந்து உட்கார ஒரு காரணம் இருந்தது. பிறகு இல்லை.

பழைய ரகப் பெட்டியைத் தேடி நான் திருச்சியில் ஏறாத பழைய சாமான் கடை இல்லை. அதே பெட்டி வேண்டும் என்றபோது, "பேரனுக்கா தாத்தா? புதுசு வாங்கிக் குடுங்க, இதெல்லாம் யாரும் ஆடுறதில்ல" என்றார்கள். கடைசியில் பாலக்கரையில் ஒருவர் பரண்மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் உடைந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, தூசி தட்டி, ஒயர் மாற்றி, இணையத்தோடு சேர்ப்பதற்குள் வைகாசியும் முடிய வந்துவிட்டது. என் டி.வி.யில் கோளம் வந்தது. அழுத்தினேன். மேட்டூர் திறந்தது. மறுநாள் காலை அதைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிருக்கா, தெரியாதா?" என்றார்.

நெஞ்சில் சளி. பேச்சு நின்றுவிட்டது. கண் மட்டும் இருந்தது. பெட்டியை அங்கே எங்கே மாட்டுவது? கன்ட்ரோலரை மட்டும் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன். ஒயர் தரைவரை தொங்கியது. எதோடும் சேராத வெறும் கன்ட்ரோலர். இரண்டு கையும் அதைப் பிடித்துக்கொண்டன. மெதுவாக வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

ஊசி போட வந்த நர்ஸ் பெண், "என்ன தாத்தா, கேம் விளையாடுறீங்களா?" என்றது. நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று வேதவல்லி அம்மாள் என் தோளைத் தொட்டார். சார் கண்ணால் சிரித்தார்.

"மேட்டூர் பார்க்கலாமா சார்?" என்றேன்.

கட்டைவிரல் குச்சியைத் தள்ளியது. பக்கவாட்டில், மேலே, கொஞ்சம் கீழே. நின்று, அழுத்தியது. எத்தனையோ சாயங்காலங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். எந்த எழுத்தில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் போனில் பார்த்துச் சொன்னேன்: "இன்னும் திறக்கல சார். திறக்கப்போறாங்கன்னு போட்டிருக்கு." விரல் மறுபடி நகர்ந்தது. அடுத்தது முக்கொம்பு. கன்ட்ரோலர் கொஞ்சம் சரிந்தது. நேராக வைக்கலாம் என்று நான் கை நீட்டினேன். அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சத்தம் எதற்கு? கையை எடுத்துவிட்டேன். அவராகவே நேராக்கிக்கொண்டார்.

அவர் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். மூன்றாம் நாள் காலை, அணை திறந்த செய்தியோடு நான் உட்கார்ந்திருந்தபோது குழுவில் அந்தச் செய்தி வந்தது.

அஸ்தி கரைக்கப் போனபோது காவிரி வெறும் மணல். படித்துறைக்குக் கீழே ஒரு குட்டை மட்டும் தேங்கியிருந்தது. கணுக்கால் அளவுகூட இருக்காது. ஈர வேட்டியோடு கோபால் அதில் நின்றான். சாம்பல் கரையாமல் அவன் காலைச் சுற்றியே மிதந்தது. மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"தண்ணியே இல்லையே அங்கிள். அப்பாவைக் குட்டைல விட்ட மாதிரி இருக்கு."

"நாளன்னைக்கு வரும்" என்றேன். "மேட்டூர் திறந்தாச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா தினமும் பார்ப்பாரு. அவரோட பார்த்துப் பழக்கம்."

"அப்பாவா? அவர்தான் போனையே தொட மாட்டாரே. எதுல பார்த்தார்?"

அந்தக் கேள்விக்காக நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் அவனாகக் கேட்டுவிட்டான்.

"நீ மாத்திட்டு வந்தியே, அந்தப் பழைய பெட்டியில."

அவனுக்கு உடனே புரியவில்லை. "அதுல கேம்தானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கோளம், எழுத்துப் பலகை, மெயில், நான் அழுத்தினாத்தான் உத்தரவு. அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சத்தம் போட்டு அழுதான். "ஏன் அங்கிள் ஒருத்தரும் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கி அனுப்பியிருப்பேனே." அனுப்பியிருப்பான். எனக்கு அதில் சந்தேகமில்லை.

"நீ ஒரு சாயங்காலம் பக்கத்துல உட்கார்ந்து, அப்பா என்ன பண்றாருன்னு பார்த்திருக்கலாம் தம்பி" என்றேன்.

கொடுமையாகப் பேசிவிட்டேன் என்று சாஸ்திரிகள் உட்பட அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். செயலாளருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் மென்மையாக எழுதச் சொன்னார். கோபால் கெட்டவன் இல்லை. அப்பாவுக்குப் பிடித்ததைத் தர ஆசைப்பட்டான். என்ன பிடித்தது என்று மட்டும் பார்க்கவில்லை. அவன் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். சங்கக் கூட்டத்தில் அன்று சிரித்தவர்களைப் பற்றி இங்கே எழுதியதையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அவர் கடைசியாகப் பிடித்திருந்த கன்ட்ரோலர் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் உடைந்த பெட்டியும் என் டி.வி.க்குக் கீழே இருக்கிறது. போனில் சட்டென்று பார்த்துவிடக்கூடியதை, சாயங்காலக் காபிக்குப் பிறகு அதில் எழுத்து எழுத்தாக அடித்துப் பார்க்கிறேன். என் மருமகள், "எதுக்கு மாமா இந்தப் பாடு, குடுங்க நான் போட்டுத் தரேன்" என்று கை நீட்டும். கையை எடு என்கிறேன். என் கை நடுங்கவில்லை. இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

அஸ்தி கரைத்த மூன்றாம் நாள் நான் மறுபடி அந்தப் படித்துறைக்குப் போனேன். முதல்நாளே பெட்டியில் பார்த்துவிட்டேன், முக்கொம்பைத் தாண்டிவிட்டது என்று. அதனால் சீக்கிரமே போய்க் காத்திருந்தேன். முதலில் நுரையும் சருகுமாக ஒரு விரல் அகலத்துக்கு மணலில் ஊர்ந்து வந்தது. பிறகு அகன்றது. குட்டையைத் தொட்டது, நிரப்பியது, கரையை உடைத்துக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு கிழக்கே போயிற்று. படித்துறையில் இருந்தவர்கள் தண்ணீர் வந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்று கத்தினார்கள். அவர்கள் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார்கள்.